கமாவாகிப்போன இ

செத்துப்போன அண்ணனை ஓதி நலமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது மணி காலை ஒன்பது நாற்பது.

"நோயாளி சிகிச்சை முடிந்து நலமுடன் வீடு திரும்பினார்" என்று காதில் மாட்டியிருந்த அந்தப் படிக்கும் கருவி ஜெயரூபாவின் காதுக்குள் சொன்னது. பதமான குரல், எதற்கும் அவசரப்படாத குரல். சிவகாசியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"யாரு வீடு திரும்புனது?"

"ச. ஜெய. ஆண்டு 2019."

"அவன் செத்துட்டான். ஆபரேஷன் டேபிள்லயே செத்துட்டான். எங்க அண்ணன் அவன்."

"ஆவணத்தில் அவ்வாறு இல்லை. வேறு உதவி வேண்டுமா?"

காதிலிருந்து அதைப் பிடுங்கித் தரையில் எறியலாம்போல வந்தது. எறியவில்லை. இந்த 2058ஆம் வருஷத்தில் ஓதி இல்லாமல் ரேஷன் கடையில் ஒரு கிலோ அரிசிகூட வாங்க முடியாது. எந்த ஆவணமானாலும் இணையத்திலிருந்து ஓதிதான் இறக்கும், ஓதிதான் படிக்கும், மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தியே பதினைந்து வருஷம் ஆகிறது. ஜெயரூபாவின் மகள் நிரலிக்கு 'அ' என்றால் ஏதோ ஒரு கோலம். நாற்பத்தெட்டு வயது ஜெயரூபாவுக்குப் படிக்கத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம், யாரும் படிக்கச் சொல்வதில்லை.

நிரலி உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பத்தொன்பது வயது. நேற்று மதியம் தொடங்கிய வலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, மாலை ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும், வெடித்துவிட்டால் ஆபத்து என்று மயக்க மருந்து டாக்டர் ஜமீலா காலையிலேயே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு ஆபரேஷன் அறைகளுக்கும் சேர்த்து அங்கே இருந்த ஒரே மனித டாக்டர் அவள்தான். மீதி எல்லாம் இயந்திரங்கள். சம்மதப் பத்திரத்துக்கு முன்னால் ஜமீலா ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?"

ஜெயரூபா சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அண்ணன் ஜெயபிரபு சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்டான். பதினான்கு வயது. கம்பி வைக்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் உடம்பு கட்டையாக விறைத்துவிட்டது, தொட்டால் சுட்டது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கை ஒடிந்ததற்குப் போனவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

ஜமீலாவின் முகம் மாறியது. "அது ரத்தத்துல வர்ற குணம்மா. மாமாவுக்கு இருந்தா உங்க பொண்ணுக்கும் இருக்கலாம். வழக்கமா போடுற மருந்தை இவளுக்குப் போட்டா, அதேதான் நடக்கும்."

"அப்ப வேற மருந்து போடுங்க."

"இருக்கு. நல்ல மருந்து, ஒரு பயமும் இல்ல. ஆனா அந்த அலமாரிய ஓதி தொறந்தாத்தான் தொறக்கும். அதுக்கு ஆவணம் வேணும்."

"நான் சொன்னா போதாதா? கூடப்பொறந்தவ சொல்றேன்."

"நான் நம்புறேம்மா. அலமாரி நம்பாது."

"ரத்தத்துல சோதிச்சுப் பாருங்க."

"முடிவு வர நாலு நாள் ஆகும். குடல்வாலுக்கு நாலு நாள் இல்ல."

ஆவணம் என்று ஒன்றுதான் இருந்தது. இறப்புச் சான்றிதழ் கிடையாது. என் பையன் செத்தான் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா சாகும்வரை பிடிவாதமாக இருந்துவிட்டார். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியும் அந்த மாதமே இழுத்து மூடப்பட்டது. ஆனால் ஊர் கொந்தளித்ததில் அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். டாக்டரின் வாக்குமூலத்தோடு ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை பழைய ஆவணங்களுக்கான இணையதளத்தில் கிடந்தது. அதைத்தான் ஓதி இறக்கிப் படித்து, அண்ணனைப் பிழைக்க வைத்தது.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தத் தளத்தை அவளே திறந்தாள். ஓதியின் துணையில்லாமல் ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. பட்டியலில் பெயருக்கான கட்டம் குறுகல். 'ச. ஜெய' என்பதோடு வெட்டிவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாக ஐந்து பொத்தான்கள்: ஓதல் பிரதி, பி.டி.எஃப்., டாக், டி.எக்ஸ்.டி., சி.எஸ்.வி. ஊர் உலகமே முதல் பொத்தானைத்தான் தட்டும். மற்ற நான்கும் யாருக்கு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

அவள் நான்கையும் தட்டினாள்.

பி.டி.எஃப். திறந்தது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. mk;kh என்கிறது, kuzk; என்கிறது, நடுநடுவே அரைப்புள்ளியும் கமாவும் கொசு மொய்த்த மாதிரி. டி.எக்ஸ்.டி.யைத் திறந்தாள், அதே கிறுக்கல், கூடவே வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டாக் என்பது திறக்கவே மாட்டேன் என்றது, கெஞ்சியபின் திறந்து அதே கிறுக்கலைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டியது. சி.எஸ்.வி.தான் உச்சம். ஒரு வாக்கியத்தை எடுத்துப் பத்துக் கட்டத்தில் பிய்த்துப் போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஒரு சொல், அடுத்ததில் பாதிச் சொல், அதற்கடுத்தது காலி.

"என்ன எழவுடா இது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓதி உடனே, "உங்கள் கேள்வி புரியவில்லை" என்றது.

மறுபடி பி.டி.எஃப்.பைப் பார்த்தாள். இந்த மாதிரிக் கிறுக்கலை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு பிடிபட்டது. அவளுடைய கல்யாணப் பத்திரிகை. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியில் திறந்தால் இதே கொசுக்கூட்டம். அச்சகக்காரரிடம் கேட்டதற்கு, உங்ககிட்ட ஃபாண்ட் இல்லம்மா, வந்து நேர்ல பாருங்க என்று சொன்னார். எழுத்து தவறில்லை, எழுத்தைக் காட்டுகிற உருதான் இல்லை.

மணி பதினொன்று இருபது. நிரலியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தா வந்துர்றேன்" என்று கிளம்பினாள்.

"எங்கம்மா போற?" முனகினாள் நிரலி.

"மாமாவப் பத்தின காகிதத்தப் படிக்க."

"ஓதி படிச்சிருச்சுல்ல?"

நிரலியின் போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். பதில் சொல்லத் தொடங்கினால் கத்திவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது.

அச்சகத் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினாள். முதல் கடையில் எழுத்துருவா, அப்படியென்றால் என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் ஓதியிடமே கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் மட்டும் கையை நீட்டி, "கனி கிராஃபிக்ஸ்ல கேட்டுப் பாருங்க. செத்தவங்க போஸ்டர் அவன் ஒருத்தன்தான் அடிக்கிறான்" என்றார்.

கனி கிராஃபிக்ஸ் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வாசலில் ஒரு காதணி விழா பேனரும் ஒரு கண்ணீர் அஞ்சலியும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. படிக்க ஆளில்லாத காலத்திலும் பேனரில் பேர் வேண்டும் என்பதில் சிவகாசிக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்காரர் கனிராஜுக்கு அவள் வயதுதான் இருக்கும். இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பழங்கால கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் ஒரு குழந்தையின் தலைக்கு மேல் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த எழுத்து உங்ககிட்ட இருக்கா?"

கைப்பேசியை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பழைய சரக்குல்ல. எங்கக்கா புடிச்சீங்க இத?"

"வெளையாடாதீங்கண்ணே. அஞ்சு மணிக்கு எம் பொண்ணுக்கு ஆபரேஷன். இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் அவ பொழைப்பா."

கனிராஜ் கிரீடத்தை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினார். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல ஒரு கேபிளை எடுத்துக் கைப்பேசியில் செருகினார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. தளத்துல அஞ்சு பொத்தான் இருக்குல்ல, அஞ்சும் ஒரே காகிதந்தான், ஆனா அஞ்சும் ஒண்ணு இல்ல. பி.டி.எஃப்.னா போட்டோ மாதிரி. எந்த ஊர்ல தொறந்தாலும் ஒரே மாதிரி தெரியணும். ஆனா கட்டும்போது எழுத்துருவையும் உள்ள வச்சுக் கட்டணும். இவனுக வைக்கல. சாப்பாட்டுப் பார்சல் கட்டுனவன் கொழம்ப வைக்க மறந்துட்டான்."

"அப்ப டி.எக்ஸ்.டி.?"

"அது வெறும் எழுத்து மட்டும். தடிமன், சாய்வு, எந்த ஃபாண்ட்டு, எதுவும் அதுக்குத் தெரியாது. நமக்கு உதவாது. டாக்தான் நமக்கு வேணும். அதுக்குள்ளதான் எந்த ஃபாண்ட்டுல அடிச்சாங்கன்னு பேர் எழுதியிருக்கும்." அவர் திரையில் தேடினார். "இந்தா பாருங்க, பேர் இருக்கு. அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்குள்ள தமிழ் எழுத்துக்குன்னு தனி நம்பர் கெடையாதுக்கா. நம்பர் வந்தப்புறமும் ஆபீசுல பழகுனத விடல. இங்கிலீஷ் எழுத்து மேலயே தமிழப் படமா ஒட்டிவச்சாங்க. k-யத் தட்டுனா ம விழும், u-வத் தட்டுனா ர. ஒட்டுன படத்த எடுத்துட்டா அடியில இருக்கிற இங்கிலீஷு பல்லக் காட்டும்."

"ஓதிக்கு அது தெரியாதா?"

"அது எதப் படிச்சுச்சுன்னு நெனைக்கீங்க? சி.எஸ்.வி.யத்தான். மெஷினுக்கு அட்டவணைதான் புடிக்கும். ஓதல் பிரதி எல்லாமே அதுலருந்து செஞ்சதுதான்." சி.எஸ்.வி.யைத் திறந்து பிய்ந்து கிடந்த கட்டங்களைக் காட்டினார். "இதுல கமா வர்ற எடத்துலெல்லாம் புதுக் கட்டம். அது அதுக்கு விதி. இப்ப நம்ம ஃபாண்ட்டுல கமா பொத்தானத் தட்டுனா என்ன விழும் சொல்லுங்க?"

"என்ன?"

"இ."

அவளுக்குப் புரியவில்லை. கனிராஜ் மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினார்.

"'இறந்தார்'னு அடிச்சிருப்பான். மெஷினுக்கு அது கமா, அப்பறம் ஏதோ கிறுக்கல். கமாவப் பாத்ததும் கட்டத்த ஒடச்சிருச்சு. ஒடஞ்ச துண்ட அடுத்த பத்தியில தள்ளிருச்சு. அந்தப் பத்திக்குத் தலைப்பு இல்லன்னா குப்பைன்னு தூக்கிப் போட்ரும். இ-யில ஆரம்பிக்கிற சொல்லு ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுக்கா."

"சரி, தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? நலமா வீட்டுக்குப் போனான்னு எதுக்குச் சொல்லுது?"

"தெரியலன்னு சொல்ல யாரும் அதுக்குப் பழக்கல. பட்டியல் தலைப்புல ஆஸ்பத்திரின்னு ஒரு சொல்லு தட்டுப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரிக் காகிதம்னா நூத்துக்குத் தொண்ணூறு நலமா வீடு திரும்பினார்னுதான் முடியும். அதையே போட்டு நெரப்பிருச்சு. கேக்குறவனுக்கு நல்லா இருக்குல்ல."

சொல்லிக்கொண்டே டாக்கைத் தன்னிடமிருந்த எழுத்துருவில் திறந்து அச்சுக்குக் கொடுத்தார். பொறி உறுமியது. வெளியே வந்த தாளைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டிருந்தது.

"வேற தாள் இல்லக்கா. அஞ்சலிக்கு வச்சது" என்றார் சங்கடமாக.

ஜெயரூபா வாங்கிப் படித்தாள். வளைவும் சுழியுமாகத் தமிழ் அவள் கண்முன்னே வரிசையாக நின்றது. சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, ஆனால் வாய் தானாகப் படித்தது.

"மேற்படி சிறுவனுக்கு மயக்க மருந்து செலுத்திய எட்டாவது நிமிடத்தில் உடல் விறைத்து, வெப்பம் நூற்றெட்டு டிகிரிக்கு உயர்ந்து, பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு இறந்தார். இது பிறவியிலேயே உள்ள குணம் எனத் தெரியவருகிறது. இரத்த உறவினர் எவருக்கும் இம்மருந்தைச் செலுத்தலாகாது எனப் பெற்றோரிடம் தெரிவிக்கப்பட்டது."

தெரிவிக்கப்பட்டதாம். இந்த எச்சரிக்கையை அப்பா ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அவன் செத்ததை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் அந்தக் கறுப்புக் கோட்டுத் தாளைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதாள். அண்ணன் போய் முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவனுக்காக ஒரு போஸ்டர்கூட ஒட்டப்படவில்லை.

கனிராஜ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு அதே அறிக்கையை இன்றைய எழுத்துக்கு மாற்றி, ஓதி படிக்கக்கூடிய கோப்பாகவும் செய்து கைப்பேசியில் போட்டுவிட்டார். "வெரசாப் போங்க. காசெல்லாம் அப்பறம் பாக்கலாம்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி மூன்று. நிரலிக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. ஜெயரூபா மூச்சு வாங்க ஆவண மேடைக்குப் போய்த் தாளை விரித்து வைத்தாள். அங்கே ஆள் கிடையாது, ஒரு கண்ணாடியும் ஓதியின் குரலும்தான்.

"அச்சுப் பிரதி பார்வைக்கு மட்டுமே. ஆவணமாக ஏற்கப்படாது" என்றது ஓதி.

கைப்பேசியிலிருந்த கோப்பைக் கொடுத்தாள்.

"இந்தக் கோப்பு தளத்தில் உள்ள மூலத்தோடு பொருந்தவில்லை. மாற்றப்பட்டுள்ளது."

"மாத்தல. ஒடஞ்சத ஒட்டியிருக்கு."

"மாற்றப்பட்டுள்ளது. மூலக் கோப்பைச் சமர்ப்பிக்கவும்."

மூலத்தைக் கொடுத்தாள், டாக்.

"இக்கோப்பு எந்த மொழியிலும் இல்லை. இதன் ஓதல் பிரதி ஏற்கெனவே உள்ளது. நோயாளி சிகிச்சை முடிந்து நலமுடன்..."

"வாய மூடு!" என்று கத்தினாள். வராந்தாவில் பத்துத் தலைகள் திரும்பின. அவமானமாக இருந்தது. ஒரு கல்லிடம் கத்தி அவமானப்பட்டோமே என்பதில் இன்னும் எரிச்சல் வந்தது. அறிக்கை அவள் கையில் இருக்கிறது, உண்மை அதில் இருக்கிறது, பெற்ற மகள் பத்தடி தூரத்தில் கிடக்கிறாள். நடுவில் ஒரு கமா.

சத்தம் கேட்டு ஜமீலா வந்தாள். தாளை வாங்கினாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. எழுத்துப் படித்த கடைசித் தலைமுறையின் வால். விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"இ... ர... த்த... இரத்த உறவினர்." நிமிர்ந்தாள். "எனக்குப் புரிஞ்சிருச்சும்மா."

"அப்பத் தொறங்க."

"என் கண்ணுக்கு அதிகாரம் இல்லம்மா. நான் படிச்சேன்னு சொன்னா எதுல படிச்சேன்னு கேக்கும்."

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"ராத்திரிக்குள்ள வெடிக்கும். வழக்கமான மருந்தப் போட்டா ஒருவேள ஒண்ணும் ஆகாமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதியா." ஜெயரூபா சிரித்தேவிட்டாள். அழுகைதான் அப்படி வந்தது.

ஜமீலா வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "தாய்மாமன்னாத்தான் ஆவணம் கேக்கும். பெத்தவங்களுக்கே அந்தக் குணம் இருந்தா கேக்காது. அவங்க வாயால சொன்னாப் போதும், சுய அறிவிப்புன்னு எடுத்துக்கும். அதுதான் விதி. நான் போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

தண்ணீர்க் குழாய் எதிரிலேயே இருந்தது. ஜமீலா அதைத் தாண்டி மாடிப்படி இறங்கிப் போனாள்.

ஜெயரூபா கண்ணாடி முன் நின்றாள்.

"சுய அறிவிப்பு" என்றாள்.

"உங்களுக்கு மயக்க மருந்து ஒவ்வாமை நேர்ந்ததா?"

"ஆமா."

"எங்கே?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி எதுவும் வாயில் வரவில்லை. அண்ணன் போன ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.

"எப்போது?"

தேதியும் அண்ணனுடையதுதான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தேதி அது.

"மருந்து செலுத்திய எத்தனையாவது நிமிடம்?"

"எட்டு."

"முடிவு?"

இதற்கு மட்டும் அண்ணன் உதவவில்லை.

"பொழைச்சுட்டேன்" என்றாள்.

"நன்றி. அறிவிப்பு ஏற்கப்பட்டது."

இரண்டு விநாடிகூட ஆகவில்லை. காலையிலிருந்து உண்மையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தாள். அதை வாசலில்கூட விடவில்லை. பொய்க்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அவளுக்கு வெறுப்பில் உடம்பெல்லாம் காந்தியது. ஆனால் உள்ளே எங்கோ ஓர் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, அதன்பிறகு வெறுப்பாவது ஒன்றாவது.

நான்கே முக்காலுக்கு நிரலியை உள்ளே கொண்டுபோனார்கள். எட்டாவது நிமிஷம்வரை ஜெயரூபா சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். ஒன்பதாவது நிமிஷமும் வந்தது. ஆறு மணிக்கு ஜமீலா வெளியே வந்து, முகமூடியை இறக்கி, "நல்லா இருக்கா" என்றாள். ஜெயரூபா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சூரத்தில் வேலை பார்க்கும் கணவரிடம் பேசிவிட்டு, துணிமணிகளைப் பையில் திணித்து, நிரலியைக் கட்டிலில் உட்காரவைத்துச் செருப்பு மாட்டிவிடத் தொடங்கினாள். கிளம்புமுன் மருத்துவக் குறிப்பைக் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஓதி அறை முழுக்கக் கேட்கும்படி படித்தது.

"நிரலி, வயது பத்தொன்பது. வழக்கமான மயக்க மருந்து வாழ்நாள் முழுவதும் தடை. காரணம், தாயின் ஒவ்வாமை. ஆதாரம், தாயின் சுய அறிவிப்பு மற்றும் விசாரணை அறிக்கை, 2019, ச. ஜெய."

ஜெயரூபாவின் கை செருப்பு வாரில் நின்றது. "அந்த அறிக்கை எங்க அண்ணனோடது."

"அறிக்கைப் பட்டியலில் உள்ள மருத்துவமனை, தேதி, பெயர் ஆகியவை உங்கள் அறிவிப்போடு பொருந்துகின்றன. இருவராகக் கருதப்பட்டவர் ஒருவரே என உறுதியானது. இரட்டைப் பதிவு நீக்கப்பட்டது."

ச. ஜெயபிரபு, ச. ஜெயரூபா. இரண்டு பிள்ளைக்கும் பேர் ஒரே மாதிரி தொடங்கட்டும் என்று அப்பா ஆசை ஆசையாக வைத்தது. குறுகலான கட்டத்துக்குள் இருவரும் ஓராளாகிவிட்டார்கள்.

ஓதி தொடர்ந்தது. "தாயின் உடன்பிறந்தோர், இல்லை."

"அம்மா" என்றாள் நிரலி. "அப்ப மாமா?"

"சும்மா இரு." ஜெயரூபா எழுந்து நின்றாள். "இது தப்பு. திருத்தணும்."

"திருத்தலாம். அதற்கு உங்கள் சுய அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற்றால் நிரலிக்கான மருந்துத் தடை நீங்கும்."

"தடை இருக்கட்டும். ரத்தம் சோதிச்சுப் பாத்துக்கோ."

"தாயின் அறிவிப்பு இருக்கும்போது சோதனை தேவையில்லை. அறிவிப்பு இல்லாதபோது சோதனைக்குக் காரணம் இல்லை."

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவன் சைக்கிளில் டபுள்ஸ் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதைச் சொல்லலாம். கணக்கு நோட்டில் அவளுக்காக மீசை வைத்த பூனை வரைந்ததைச் சொல்லலாம். எந்தக் கட்டத்தில் போடும்?

நிரலி ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பொத்தியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உடம்புக்கு இன்னும் அறுபது வருஷம் இருக்கிறது. பிரசவம் இருக்கிறது, விபத்து இருக்கிறது, ஜமீலா இல்லாத ஊர்கள் இருக்கின்றன.

"பதிவை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றது ஓதி. "சரி அல்லது தவறு என்று சொல்லவும்."

"சரி."

"குரல் கேட்கவில்லை. மீண்டும் சொல்லவும்."

ஜெயரூபா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அறைக்கு வெளியேயும் கேட்கும்படி சத்தமாக அதையே சொன்னாள்.